விடியற்காலையில் கண் சொருகுகிறது, காயம் எதுவும் இல்லை: கட்டுவிரியன் கடியும் ஆம்புலன்ஸில் மூச்சைக் காப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

108 வண்டிகளில் புதிதாகச் சேரும் மருத்துவ உதவியாளர்களுக்கு வகுப்பெடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாமே வகுப்பில் நான் வைக்கும் ஒரு கேஸைச் சுற்றியே வரும். அது ஒரு குறிப்பிட்ட நோயாளியின் கதை இல்லை. கட்டுவிரியன் கடித்தவர்களிடம் வழக்கமாகக் காணப்படுவதை வைத்துக் கட்டியது. யார் டியூப் (மூச்சுக்குழாய்க்குள் இறக்கும் குழாய்) போடலாம், எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்பதில் உங்கள் வண்டியின் நடைமுறைக் கையேடும், போனில் இருக்கும் டாக்டரும் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

அந்தக் கேஸ் என்ன?

ஐப்பசி மாதம், மழை விட்டிருக்கும் இரவு. டெல்டா பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து விடியற்காலை 4.40க்கு அழைப்பு. "வயித்து வலி, வாந்தி" என்றுதான் பதிவாகியிருக்கிறது. வண்டி போய் நிற்கும்போது 34 வயதுப் பெண் ஒருவரைத் திண்ணையில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். இரவு நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவர். மூன்று மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார், ஒரு முறை வாந்தி. அதன்பிறகு தொண்டையில் ஏதோ அடைக்கிறது, விளக்கு ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்றிருக்கிறார். இப்போது இரண்டு இமைகளும் பாதி இறங்கிவிட்டன. பேச்சு மூக்கால் வருகிறது. கடைவாயில் எச்சில் வழிகிறது, துடைத்துக்கொள்ளக் கை எழும்புகிறது, ஆனால் மெதுவாக.

மாமியார், "சாமி வந்தாப்ல கண்ணு சொருகுதுங்க" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பக்கவாதம் என்று முடிவே கட்டிவிட்டார். நாடி 104, ரத்த அழுத்தம் 140/90, ஆக்சிஜன் அளவு 97, சர்க்கரை 112. காய்ச்சல் இல்லை. பாம்பு என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் 9 கிலோமீட்டர். வென்டிலேட்டர் உள்ள அரசு மருத்துவமனை 46 கிலோமீட்டர்.

பக்கவாதம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

முழு உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்கேன் இல்லாமல் மூளைத்தண்டில் வரும் பக்கவாதத்தை வண்டியில் வைத்தே ஒதுக்கிவிட யாராலும் ஆகாது. ஆனால் எது அதிகம் பொருந்துகிறது என்று பார்க்கலாம்.

வழக்கமான பக்கவாதம் ஒரு பக்கத்தை அடிக்கும்: வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கை விழும். இங்கே எல்லாம் இரண்டு பக்கமும் சமமாகப் போகிறது. அதுவும் மேலிருந்து கீழே இறங்குகிறது: முதலில் இமை, பிறகு கண்ணசைவு, பிறகு தொண்டை, பிறகு கழுத்து. "அக்கா, தலையை அசைக்காம என் விரலை மட்டும் பாருங்க" என்று விரலை நகர்த்தினால் கண்மணி பின்தொடரவில்லை. ஆனால் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்கிறார். குழந்தைகள் எத்தனை, என்ன கிழமை, எல்லாம் தெளிவு.

மற்றவற்றையும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்க்க வேண்டும். சர்க்கரை இறங்கினால் எந்த வேஷமும் போடும். அதனால்தான் முதல் வேலையாக விரலில் குத்திப் பார்ப்பது. பூச்சிமருந்து குடித்திருந்தால் எச்சில் ஊற்றும், வாந்தி வரும், தசை தளரும், அது வரை இதே மாதிரிதான். ஆனால் கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும், வியர்வை கொட்டும், பெரும்பாலும் வாடை காட்டிக்கொடுக்கும். கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் சாதாரணமாகக் காலில் தொடங்கி நாள்கணக்கில் மேலே ஏறும். பொட்டாசியம் குறைந்து வரும் தளர்ச்சியில் காலையில் எழுந்து நிற்க முடியாது, ஆனால் கண்ணும் பேச்சும் வழக்கமாகத் தப்பிவிடும். மயஸ்தீனியா (நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை சரியாகப் போகாத நாள்பட்ட நோய்) என்றால் இரட்டைப் பார்வையும் இமைத் தொய்வும் முன்பே வந்து போயிருக்கும்; மாத்திரைச் சீட்டு வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். கெட்டுப்போன உணவால் வரும் பாட்டுலிசமும் மேலிருந்து கீழேதான் இறங்கும், ஆனால் நம் ஊரில் அது மிக அபூர்வம்.

நேற்று இரவு நன்றாக இருந்தவர், விடியலில் வயிற்று வலியோடு எழுந்து, இரண்டு இமையும் தொங்க, நினைவு தெளிவாக இருந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது கட்டுவிரியன் கடி. இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடமே செய்துகொள்ளச் சொல்வேன்.

உடம்பில் ஒரு பல்தடம்கூட இல்லையே?

கட்டுவிரியனின் நச்சுப்பல் மிகச் சிறியது. கடித்த இடம் வீங்காது, வலி இருந்தாலும் எறும்பு கடித்த அளவுதான். பலர் தூக்கத்திலிருந்து விழிப்பதே இல்லை. கண்ணாடி விரியன் கடித்தால் கால் வீங்கி, ரத்தம் கசிந்து, ஊரே பாம்புக்கடி என்று சொல்லிவிடும். இது அப்படி ஆளைக் கூப்பிட்டுச் சொல்லும் பாம்பு இல்லை.

இரவில் எலி, ஓணான், பிற பாம்புகளைத் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது அடியில் சிக்கினால் கடிக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "பாம்பு கடிச்சுதா?" இல்லை. அதற்கு எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "ராத்திரி எங்க படுத்தாங்க? கட்டில்லயா, தரையிலயா? கொசுவலை கட்டியிருந்தீங்களா?" என்று கேளுங்கள். தரையில் பாய் போட்டு, பின்கதவோரம், வலை இல்லாமல் என்று பதில் வந்தால் உங்கள் சந்தேகம் பாதி உறுதி. பக்கத்தில் படுத்திருந்த குழந்தைகளையும் எழுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே இரவில் இரண்டு பேரைக் கடித்த சம்பவங்கள் உண்டு.

தடத்தைத் தேடி உடம்பு முழுக்க டார்ச் அடிப்பதற்காக வண்டியை நிறுத்தி வைக்க வேண்டாம். ஓடும் வண்டியில் பார்த்துக்கொள்ளலாம், கிடைக்காவிட்டாலும் ஒன்றும் மாறாது.

நச்சு அப்படி என்னதான் செய்கிறது?

மூளையிலிருந்து வரும் கட்டளை நரம்பு வழியாக ஓடி, அதன் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளாக மாறித் தசைக்குத் தாவுகிறது. நல்ல பாம்பின் நச்சு தசைப் பக்கத்து வாசலை அடைத்துக்கொள்கிறது. கட்டுவிரியனின் பீட்டா-பங்காரோடாக்சின் நரம்பு நுனியையே சிதைத்துவிடுகிறது. அசிட்டைல்கோலின் இருப்பு தீர்ந்துபோகிறது. அந்த நுனி மறுபடி வளர நாள்கள் ஆகும்.

இதில் மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை. நுரையீரலும் நன்றாகவே இருக்கிறது. மார்பை விரிக்கும் தசைக்கு மட்டும் கட்டளை போய்ச் சேரவில்லை. வண்டியில் நீங்கள் எடுக்கும் எல்லா முடிவும் இதிலிருந்துதான் வர வேண்டும்.

ஆக்சிஜன் அளவு 97 இருக்கிறதே, அப்படி என்ன அவசரம்?

விரலில் மாட்டும் கருவி இந்தக் கேஸில் கடைசியாகத்தான் உண்மையைச் சொல்லும். நுரையீரல் நன்றாக இருப்பதால், மூச்சு பாதியாகக் குறைந்த பிறகும் ஆக்சிஜன் அளவு நின்றுகொண்டிருக்கும். நீங்கள் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் ஓடவிட்டிருந்தால் இன்னும் நேரம் நிற்கும், அதற்குள் கார்பன் டை ஆக்சைடு ஏறி ஆள் மந்தமாகிவிடுவார். எண் 85க்கு வரும்போது கையில் இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும்.

அதனால் தசையைச் சோதியுங்கள். "ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுங்கக்கா." நன்றாக இருப்பவர் 30, 40 தாண்டிப் போவார். 20ஐ எட்டவில்லை என்றால் கவனம். 10, 12லேயே நின்றால் ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) உங்கள் மடியில் இருக்க வேண்டும். படுத்தபடி தலையைத் தூக்கச் சொல்லுங்கள்: கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் கிட்டத்தட்ட சேர்ந்தே தளரும், தலை தூக்க முடியாதவருக்கு மூச்சுக்கு முட்டப்போகிறது. நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டச் சொல்லுங்கள். எச்சிலை விழுங்குகிறாரா, வழியவிடுகிறாரா? மூச்சு இழுக்கும்போது வயிறு உள்ளே போய் மார்பு மேலே வந்தால் உதரவிதானம் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்தச் சோதனைகளை ஒரு தடவை செய்து எழுதி வைத்துவிட்டால் போதாது. 10 நிமிடத்துக்கு ஒரு முறை செய்து, நேரத்தோடு குறியுங்கள். நம் கேஸில் 5.05க்கு 22 வரை எண்ணினார், 5.15க்கு 16, 5.25க்கு 9. இந்த மூன்று எண்கள் சொல்வதை எந்த மானிட்டரும் சொல்லவில்லை. அப்போதும் ஆக்சிஜன் 96.

ஜி.சி.எஸ். (நினைவு நிலைக்கு 3 முதல் 15 வரை போடும் மதிப்பெண்) 8க்குக் கீழே போனால் டியூப் என்று படித்தோம். இங்கே அது பொருந்துமா?

இரண்டு பக்கமும் தவறாகப் போகும். விபத்தில் தலையில் அடிபட்டவர்களுக்காக உருவான அளவுகோல் அது. கண் திறப்பது, பேசுவது, அசைவது மூன்றுமே தசையால் நடப்பவை.

5.05க்கு நம் நோயாளியின் மதிப்பெண் கிட்டத்தட்ட முழுமை. ஆனால் எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சுப்பாதை அப்போதே ஆபத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து முழுத் தளர்ச்சி வந்தால் கண் திறக்காது, குரல் வராது, வலிக்கு அசைவு இருக்காது. கணக்குப்படி 3. ஆனால் அவர் விழித்திருக்கிறார். நீங்கள் பேசுவது அத்தனையும் காதில் விழுகிறது. கண்மணி விரிந்து, டார்ச் ஒளிக்கு அசையாமல்கூட நிற்கலாம். அதுவும் நச்சின் வேலைதான். கட்டுவிரியன் கடித்தவரை மூளைச்சாவு என்று நினைத்துவிடும் ஆபத்து மருத்துவ ஏடுகளில் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே வண்டிக்குள் "முடிஞ்சுபோச்சு போலண்ணே" என்று பைலட்டிடம் (வண்டி ஓட்டுநரிடம்) சொல்லும் பழக்கம் கூடாது. இமையைக் கையால் தூக்கி, உங்கள் முகத்தைக் காட்டி, "அக்கா, நீங்க முழிச்சுதான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பாம்பு விஷத்தால தசை தளர்ந்திருக்கு. மூச்சை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். எந்த விரல் கடைசியாக அசைகிறதோ அதைக் கண்டுபிடித்து, ஆமாம் என்றால் ஒரு அசைவு, இல்லை என்றால் இரண்டு என்று பேசி வையுங்கள். இமை முழுதாக மூடாவிட்டால் விழி உலர்ந்து புண்ணாகும். ஈரப் பஞ்சு வைத்து, மெல்ல டேப் ஒட்டி மூடிவிடுங்கள், ஆனால் ஏன் மூடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு.

சரி, எந்த ஏர்வே (மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி)?

கேள்வி வகுப்பில் எப்போதும் இப்படித்தான் வரும், பெட்டிக்குள்ளிருந்து ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பது போல. நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார், மருத்துவமனை எவ்வளவு தூரம், வண்டியில் எத்தனை கைகள் என்ற மூன்றும் தெரியாமல் பதில் இல்லை.

எச்சில் வழிகிறது, மூச்சு இன்னும் போதுமான அளவு ஓடுகிறது என்றால் முதல் வைத்தியம் படுக்கும் விதம்தான். இடப்பக்கமாக ஒருக்களித்து, வாய் சற்றுக் கீழ்நோக்கி. மல்லாக்கப் படுக்கவைத்துப் பெல்ட் கட்டினால் தளர்ந்த நாக்கு பின்னால் விழும், எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும். சக்ஷன் (எச்சிலை உறிஞ்சும் கருவி) கையெட்டும் தூரத்தில், ஓட விட்டுப் பார்த்து வைத்திருங்கள். ஒரு தடவைக்கு 10 முதல் 15 வினாடிக்கு மேல் உறிஞ்ச வேண்டாம். வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள், ஒரு மடக்குத் தண்ணீர்கூட.

நாக்கு விழுந்து குறட்டைச் சத்தம் வந்தால் தாடையை முன்னால் தள்ளிப் பிடியுங்கள். இந்தக் கட்டத்தில் மூக்குவழி ஏர்வே நல்ல துணை; விழித்திருப்பவரும் தாங்கிக்கொள்வார். மூக்கு நுனியிலிருந்து காதுமடல் வரை அளந்து, ஜெல் தடவி, மெதுவாக. வாய்வழி ஏர்வேயில் ஒரு பொறி இருக்கிறது. அதைத் தாங்கிக்கொள்கிறவர் ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கிறார் என்பது நாம் படித்த பாடம். இங்கே குமட்டல் தூண்டப்பட்டும் காட்ட முடியாமல் கிடக்கிறார். தேவைப்பட்டால் போடுங்கள், ஆனால் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

எண்ணிக்கை 10க்குக் கீழே வந்து, மூச்சு மேலோட்டமானால், நிற்கும் வரை காத்திருக்காமல் ஆம்பு பேக்கால் உதவத் தொடங்க வேண்டும். அவர் இழுக்கும் மூச்சோடு சேர்த்து அழுத்துங்கள். எதிர்த்து அழுத்தினால் காற்று வயிற்றுக்குப் போகும். மூச்சு நின்றபிறகு 5, 6 வினாடிக்கு ஒன்று, நிமிடத்துக்கு 10 முதல் 12. ஒவ்வொன்றும் ஒரு வினாடி, மார்பு எழுவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும். பெரியவர்களுக்கான பையில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தினாலே அது வந்துவிடும். பதற்றத்தில் எல்லோரும் செய்வது முழுப் பையையும் வேகமாகப் பிழிவது. வயிறு ஊதும், ஏற்கெனவே வாந்தி எடுத்தவர் மறுபடி எடுப்பார், அதை விழுங்கவும் துப்பவும் முடியாதவர் அவர்.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, மற்றவர் அழுத்துவது நல்லது. ஓடும் வண்டியில் நீங்கள் தனி ஆள். கூட வரும் உறவினரை அழுத்த வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். மாஸ்க்கைப் பிடிப்பதுதான் கடினமான வேலை, அது உங்களுடையது. நிதானமான ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து, "நான் சொல்றப்ப மட்டும் அமுக்குங்க தம்பி" என்று எண்ணிக் கொடுங்கள். கணவரை விட மைத்துனர் இதற்குச் சரியாக இருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

மாஸ்க் ஒட்டவில்லை, தூரம் இருக்கிறது, விழுங்கும் தசை முழுதாகப் போய்விட்டது என்றால் ஐ-ஜெல் போன்ற குரல்வளை மேல் அமரும் கருவி. சில வினாடிகளில் உட்காரும், ஒரு கை விடுபடும். வயிற்றிலிருந்து மேலே வருவதை அது முழுசாகத் தடுக்காது. அதன் பக்கவாட்டுத் துளை வழியாக வயிற்றுக்குக் குழாய் இறக்க முடிந்தால் இறக்கிவிடுங்கள். கடித்துக் குமட்டும் நிலையில் இருப்பவருக்கு இதைத் திணிக்க வேண்டாம்.

டியூப் போடத் தெரிந்தவர் வண்டியில் இருந்தால், அங்கேயே போட்டுவிடலாமே?

இந்த நோயாளிக்குக் கடைசியில் டியூப்தான். நாள்கணக்கில் வென்டிலேட்டரில் இருக்கப்போகிறவருக்கு வேறு வழி இல்லை. எங்கே, யார், எந்த வெளிச்சத்தில் போடுவது என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் நடந்து 2018ல் வெளியான ஏர்வேஸ்-2 ஆய்வு, மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற 9,000க்கும் மேற்பட்டவர்களில் ஐ-ஜெல்லையும் டியூப்பையும் ஒப்பிட்டது. நல்ல நிலையில் பிழைத்தவர்கள் ஐ-ஜெல் பக்கம் 6.4 சதவீதம், டியூப் பக்கம் 6.8, பெரிய வித்தியாசம் இல்லை. அதை அப்படியே இங்கே ஒட்ட முடியாது, அங்கே இதயம் நின்றவர்கள், இங்கே இதயம் நன்றாக ஓடுகிறது. ஆனால் டியூப்தான் உயர்ந்தது, மற்றதெல்லாம் கையாலாகாதவர்கள் செய்வது என்ற எண்ணத்தை அந்த ஆய்வு கொஞ்சம் தணிக்கும். ஆம்பு பேக்கில் மார்பு நன்றாக எழுந்து இறங்குகிறது, ஆக்சிஜன் நிற்கிறது என்றால், குலுங்கும் வண்டியில் லாரிங்கோஸ்கோப்பை (டியூப் போடத் தொண்டைக்குள் பார்க்கும் கருவி) எடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. எச்சிலும் வாந்தியும் மாஸ்க்கையும் ஐ-ஜெல்லையும் தோற்கடித்தால் அப்போது அது வேறு கதை. பயிற்சியும் அனுமதியும் உள்ளவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போடட்டும்.

போடும்போது இன்னொன்று. தசை ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் தளர்த்தும் மருந்து குறைவாகவோ தேவைப்படாமலோ போகலாம். மயக்க மருந்து மட்டும் அப்படி இல்லை. அசையவில்லையே என்று அதைத் தவிர்த்தால், விழித்திருக்கும் ஒருவரின் தொண்டைக்குள் இரும்பை விடுகிறீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்துவதா, நேரே பெரிய ஆஸ்பத்திரியா?

கிளம்பும்போதே போன் செய்யுங்கள். டாக்டர் இருக்கிறாரா, பாம்புக்கடி மருந்து இருப்பு உண்டா, டியூப் போட ஆள் உண்டா என்று மூன்றே கேள்வி. மருந்து இருந்தால் நிறுத்துவது லாபம். 10 குப்பி, ஒரு மணி நேரத்தில் ஏற வேண்டும். குழந்தைக்கும் அதே அளவு, ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து நச்சை அளந்து விடுவதில்லை. நரம்பு நச்சு வளர்ந்துகொண்டே போனால் மேலும் 10, மொத்தம் 20 என்பது இந்திய வழிகாட்டுதல். மருந்துக்கே ஒவ்வாமை வரலாம், அட்ரினலினை ஊசியில் நிரப்பித் தயாராக வைத்திருக்க வேண்டும்.

மருந்து ரத்தத்தில் சுற்றும் நச்சைத்தான் பிடிக்கும். நரம்பு நுனியில் ஏற்கெனவே நடந்த சேதத்தைத் திருப்பாது. ஆகவே சீக்கிரம் ஏற்றினால் நல்லது, ஆனால் ஏற்றிவிட்டோம் என்று மூச்சை மறந்தால் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் போய்விடுவார். 9 எண்ணும் நிலையில் இருப்பவரை, மூச்சுக்கு ஆள் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் வைத்திருப்பதை விட, மருந்தைத் தொடங்கி, ஓடும் பாட்டிலோடு, முடிந்தால் அங்குள்ள டாக்டரையோ நர்ஸையோ கூட அழைத்துக்கொண்டு கிளம்புவது மேல்.

இந்த மருந்துக்கு வேண்டிய நச்சில் பெரும்பங்கு நம் பக்கத்திலிருந்துதான் போகிறது: 1978ல் தொடங்கிய, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து என்பதால், எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் ஏற்றலாம்.

நியோஸ்டிக்மின் (அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுக்கும் மருந்து) போட்டால் இமை திறக்குமாமே?

நல்ல பாம்பு என்றால் திறக்க வாய்ப்பு உண்டு, பார்க்கவே மாயம் மாதிரி இருக்கும். அட்ரோபினோடு சேர்த்துக் கொடுப்பார்கள். கட்டுவிரியனில் நரம்பு நுனியே காலியாக இருப்பதால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. கடித்தது எது என்று தெரியாதபோது டாக்டர் ஒரு முறை முயன்று பார்க்கலாம். பயன் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்.

கையால் எவ்வளவு நேரம் மூச்சு கொடுக்க முடியும்?

நாம் நினைப்பதை விட மிக அதிக நேரம். 1952ல் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசை தளர்ந்தவர்கள் பிளெக்டாம் மருத்துவமனையை நிறைத்தார்கள். இயந்திரங்கள் போதவில்லை. பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, பையைக் கையால் அழுத்திக் காப்பாற்றலாம் என்று காட்டினார். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து, வாரக்கணக்கில் அழுத்தினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அதுதான் என்பார்கள்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2001 செப்டம்பர் 11 காலையில் மியான்மரின் வடக்கே மலைக்காட்டில் அமெரிக்கப் பாம்பியல் அறிஞர் ஜோ ஸ்லோவின்ஸ்கியை ஒரு குட்டிக் கட்டுவிரியன் கடித்தது. நச்சில்லாத, அதே போல் வரி உள்ள பாம்பு என்று எண்ணிப் பைக்குள் கைவிட்டிருந்தார். குரல் போனபிறகு எழுதிக் காட்டினார், பிறகு விரலசைவில் பதில் சொன்னார். கூட இருந்தவர்கள் முறை மாற்றி மாற்றி வாயோடு வாய் வைத்து மணிக்கணக்கில் ஊதினார்கள். மழையில் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. மறுநாள் இறந்துபோனார். அங்கே ஒரு ஆம்பு பேக்கும் சக்ஷனும் இருந்திருந்தால் என்று எந்த ஆம்புலன்ஸ்காரரும் நினைக்காமல் இருக்க முடியாது.

உங்கள் வண்டிக் கணக்கு இதை விட எளிது. பி வகை சிலிண்டர் முழுதாக இருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் வைத்தால் 150 நிமிடம். வழியில் தீர்ந்துபோனால் பையை நிறுத்திவிடாதீர்கள்: நுரையீரல் நல்ல நிலையில் இருப்பதால் வெறும் காற்றை அழுத்தினாலும் இவருக்கு ஓரளவு போதும்.

ஏற்கெனவே காலில் இறுக்கிக் கட்டியிருந்தால்?

படக்கென்று அவிழ்க்க வேண்டாம். தேங்கியிருந்த நச்சு மொத்தமாகப் பாய்ந்து மூச்சு நிற்கலாம். நாடி தெரியாத அளவுக்கு இறுக்கம் என்றால் போனில் டாக்டரைக் கேட்டு, ஆம்பு பேக்கைத் தயாராக வைத்துக்கொண்டு, மெதுவாகத் தளர்த்துங்கள். புதிதாகக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதற்கும் இடமில்லை.

எப்போதோ வரும் கேஸுக்கு இவ்வளவு வகுப்பா?

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்பது 2020ல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. உலக சுகாதார நிறுவனம் 2017லேயே இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. மருத்துவமனைகள் ஒவ்வொரு கேஸையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வயிற்று வலி என்று பதிவாகி, வழியிலேயே இறந்து, என்ன காரணம் என்றே தெரியாமல் போனவர்கள் எந்தப் பதிவிலும் வரமாட்டார்கள்.

பிழைத்தால் பழையபடி ஆவாரா?

மூச்சு இடையில் நின்றுபோய் மூளைக்கு ஆக்சிஜன் குறையாமல் இருந்திருந்தால், பெரும்பாலும் முழுமையாக. சிலர் இரண்டு மூன்று நாளில் வென்டிலேட்டரை விட்டு வருவார்கள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். ஐந்தாம் நாளும் அசையவில்லையே என்று வீட்டார் கைவிடத் துணியும்போது, நரம்பு நுனி வளரும் காலம் அது என்று யாராவது பொறுமையாக உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது என்ன சொல்வது?

"34 வயசு, நினைவு இழந்த நிலை" என்று தொடங்காதீர்கள். அந்த ஒரு சொல் போதும், ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இப்படித் தொடங்குங்கள்: "டாக்டர், கட்டுவிரியன் கடின்னு சந்தேகம். தரையில படுத்தவங்க. 3 மணிக்கு வயித்து வலி, 4 மணிவாக்குல இமை இறங்கிருச்சு. எண்ணிக்கை 22, 16, 9. 5.35லேருந்து பேக் பண்றோம். முழிச்சிருக்காங்க, வலது பெருவிரலை அசைச்சுப் பதில் சொல்றாங்க." மருந்து எத்தனை குப்பி எப்போது ஏறியது, வாந்தி உள்ளே போயிருக்குமா, கட்டு இருந்ததா என்பது அடுத்து. பாம்பை அடித்துக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். யாராவது போனில் படம் எடுத்திருந்தால் காட்டினால் போதும். வென்டிலேட்டரில் மாட்டும் வரை பேக் உங்கள் கையிலேயே இருக்கட்டும், ட்ராலி மாற்றும் அரை நிமிடத்தில்கூட.